செத்தால்தான் நிவாரணமா?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பஸ்ஸில் போகிறவருக்கு இருபுறமும் தொழிற்சாலை மதில்கள்தான் தெரியும். கார் ஒரு பக்கம், லாரி ஒரு பக்கம், மோட்டார் சைக்கிள் ஒரு பக்கம். இங்கே இனிமேல் மாடு ஏது, ஆடு ஏது என்று வெளியூர்க்காரர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விடிகாலையில் வந்து பார்த்தால் தெரியும். சிப்காட்டில் இன்னும் கட்டிடம் எழாத மனைகளிலும், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரத்திலும், ஏரிக் கரைகளிலும் மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். நிலம் போனது, மாடு போகவில்லை. நஞ்சையைக் கொடுத்துவிட்ட குடும்பத்திலும் இரண்டு கறவை, நாலு வெள்ளாடு, பத்துக் கோழி இன்னும் இருக்கின்றன. மகன் ஷிப்டு வேலைக்குப் போகிறான். அந்த வேலை ஒப்பந்தத்தில் இருப்பதால், ஒப்பந்தம் முடிகிற மாதத்தில் வீட்டு அடுப்பை எரிய வைப்பது பால் காசுதான்.

இப்படிப்பட்ட குடும்பத்துக்குப் புயல், வெள்ளம் என்று வந்தால் சர்க்கார் என்ன தருகிறது, எதற்குத் தருகிறது, எதற்குத் தருவதில்லை என்பதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத நினைத்தேன்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையை நம் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு எட்டு வருஷம் முன்பு, 2015 டிசம்பர் 1-ந் தேதி மழையில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டதையும், மணிமங்கலம், சோமங்கலம் பக்கமெல்லாம் தண்ணீரில் நின்றதையும் மறந்திருக்க மாட்டார்கள். மிக்ஜாமுக்குப் பிறகு, டிசம்பர் 9-ந் தேதி, தமிழக அரசு நிவாரணத் தொகைகளை உயர்த்தி அறிவித்தது. எருது, பசு இறந்தால் 30,000 ரூபாய் என்றிருந்ததை 37,500 ஆக்கியது. வெள்ளாடு, செம்மறியாட்டுக்கு 3,000 என்றிருந்ததை 4,000 ஆக்கியது. பயிர் 33 சதவீதத்துக்கு மேல் சேதமானால் ஹெக்டேருக்கு 13,500 என்பது 17,000 ஆயிற்று. இதெல்லாம் நல்ல காரியம்தான். நன்றி சொல்லவும் வேண்டும்.

அதே அறிவிப்பில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் என்பதும் இருந்தது. அது குன்றத்தூர் வட்டம் முழுவதற்கும் கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் மூன்று வருவாய் கிராமங்களுக்கு மட்டுமே கிடைத்தது. எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அது தனிக்கதை, இன்னொரு வாரம் பேசலாம்.

மாட்டு விஷயத்துக்கு வருவோம். மேலே சொன்ன தொகையை மாநில அரசு தன் இஷ்டத்துக்கு நிர்ணயிக்கவில்லை. மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு என்று விதிகள் வகுத்திருக்கிறது. நிதிக் குழுவின் காலத்தை ஒட்டி அவை திருத்தி எழுதப்படுகின்றன. 2022-23 முதல் 2025-26 வரைக்கு எழுதிய விதியில் கறவைப் பசு, எருமைக்கு 37,500, ஆடு, பன்றிக்கு 4,000, உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்கு 20,000, கோழிக்கு 100. குடும்பத்துக்குப் பெரிய கறவை மூன்று, அல்லது ஆடு முப்பது என்று உச்சவரம்பு. கோழிக்கு மொத்தம் 10,000 ரூபாய்க்கு மேல் இல்லை. 'பொருளாதாரப் பயன் தரும்' கால்நடைக்கு மட்டும் என்று ஒரு நிபந்தனையும் உண்டு.

இந்தத் தொகை போதுமா என்று கேட்டால், போதாது. நல்ல கறவையில் இருக்கும் கலப்பினப் பசுவை 50,000 ரூபாய்க்குக் குறைத்து எந்தச் சந்தையில் பிடிக்க முடியும்? நூறு ரூபாய்க்கு நாட்டுக் கோழி எங்கே கிடைக்கிறது? ஆனால் என் முக்கியமான வழக்கு அது அல்ல. நிவாரணம் என்பது முழு விலை அல்ல, கை கொடுத்துத் தூக்கிவிடுவது என்று அதிகாரிகள் சொன்னால் அதையும் ஒப்புக்கொள்கிறேன். என் வழக்கெல்லாம் இதுதான்: இந்த விதியில் குடியானவனின் கைக்குக் காசு வர வேண்டுமானால் மாடு சாக வேண்டும். செத்த மாட்டின் உடல் கிடைக்கவும் வேண்டும்.

எங்கள் தெருவில் ஓர் அம்மாள். கணவர் இல்லை. இரண்டு பசு. மிக்ஜாம் மழையில் கொட்டகைக்குள் முழங்கால் தண்ணீர். ஏற்றிக் கட்ட மேடு இல்லை. முன்பு மேடாக இருந்த மேய்க்கால் புறம்போக்கு இப்போது மதிலுக்குள் இருக்கிறது. மாடுகள் நாலு நாள் சேற்றிலும் சாணித் தண்ணீரிலும் நின்றன. ஒன்று தப்பித்துக்கொண்டது. மற்றொன்றுக்கு மடிநோய் கண்டு, மருந்து கொடுத்தும் இரண்டு காம்பு அடைத்துப் போயிற்று. வேளைக்கு நாலு லிட்டர் வீதம் நாளைக்கு எட்டு லிட்டர் கறந்த மாடு மூன்று லிட்டரில் வந்து நின்றது. அம்மாள் மனு எழுதிக்கொண்டு போனார். மனுவை வாங்கிப் பார்த்தவர் நல்லவர்தான், கடிந்து பேசவில்லை. "மாடு உசுரோடதானேம்மா இருக்கு? லிஸ்டுல எழுத வழி இல்லையே" என்றார். அவர் சொன்னது விதிப்படி சரி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த மாதம் 18-ந் தேதி முதல் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 35-லிருந்து 38 ஆயிற்று. நாளைக்கு ஐந்து லிட்டர் குறைந்தால் 190 ரூபாய். அந்த ஈத்தில் இன்னும் ஆறு மாதக் கறவை பாக்கி இருந்தது என்றால் 34,200 ரூபாய். நாளாக ஆகக் கறவை எப்படியும் இறங்கும், ஆகவே 25,000 என்றே குறைத்து வைத்துக்கொள்வோம். தீவனச் செலவோ ஒரு பைசா குறையாது. மருந்துச் செலவு தனி. அடுத்த ஈத்திலும் அந்த இரண்டு காம்பு திறக்கும் என்று நிச்சயம் இல்லை. மாட்டை விற்கப் போனால் அடிமாட்டு விலைதான் கேட்பார்கள். செத்திருந்தால் 37,500, பிழைத்ததால் பூஜ்யம். மாட்டைக் காப்பாற்ற ராத்திரி முழுவதும் தண்ணீரில் நின்றவளுக்குக் கிடைத்த கூலி இது!

வைக்கோல் விஷயமும் இப்படியே. போர் நனைந்து அழுகிப் போனால் அதற்குத் தனியே கைக்குக் காசு கிடையாது. விதியில் தீவனம் என்ற சொல் இல்லாமல் இல்லை. கால்நடை முகாம் அமைத்தால் பெரிய மாட்டுக்கு நாளைக்கு 80 ரூபாய், சிறியதற்கு 45 ரூபாய் செலவிடலாம் என்றிருக்கிறது. முகாமுக்கு வெளியே உள்ள மாடுகளுக்குத் தீவனம் ஏற்றி அனுப்பவும் வழி இருக்கிறது. ஆனால் வறட்சிக்கு முகாம் போடுவது வேறு. வெள்ளத்தில் நம் பக்கத்தில் மாட்டு முகாம் போட்டு நான் பார்த்ததில்லை. வீட்டு வாசலைத் தாண்ட முடியாத வேளையில் மாட்டை ஓட்டிக்கொண்டு எந்த முகாமுக்குப் போவது?

இனி தேனீ. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கலாம். ஒரகடத்தில் தேனீயா? இருக்கிறது. எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், ராத்திரி ஷிப்டு போகிறவன், மாமன் வீட்டு மாந்தோப்பில் பன்னிரண்டு பெட்டி வைத்திருந்தான். அடுக்குத் தேனீதான், நம் மாநிலத்தில் எல்லோரும் வைக்கும் நியூட்டன் பெட்டிதான். பாதிரியார் நியூட்டன் திருச்சியில் அந்தப் பெட்டியைச் செய்து நூறு வருஷம் தாண்டிவிட்டது. இன்றும் சிறு விவசாயிக்கு அதுவே தோது. பெட்டிக்கு வருஷத்தில் நாலைந்து கிலோ தேன் கிடைத்தது. அதைவிடப் பக்கத்துக் காடுகளில் போட்டிருந்த பூசணியும் புடலையும் நன்றாகப் பிஞ்சு பிடித்தன. தோட்டக்காரர்கள் அவனைக் கண்டால் டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

மிக்ஜாம் மழையில் ஐந்து பெட்டி தாங்கியோடு சாய்ந்து தண்ணீரில் போயிற்று. மிச்சம் ஏழு. மழை விட்ட பிறகும் பல நாள் பூவில் தேன் இல்லை. அவனோ கம்பெனியில் மாட்டிக்கொண்டு நாலு நாள் கழித்துத்தான் தோப்புக்குப் போக முடிந்தது. சர்க்கரைப் பாகு வைக்க ஆள் இல்லாமல் நாலு கூட்டம் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்துபோயிற்று. பன்னிரண்டில் மூன்று நின்றது.

அவன் மனுவோடு அலைந்த கதையைக் கேளுங்கள். கிராம அலுவலகத்தில் போய்க் கேட்டான். கால்நடை ஆஸ்பத்திரியில் சான்று வாங்கி வா என்றார்கள். அங்கே போனான், தேனீ கால்நடையில் சேராது, தோட்டக்கலைக்குப் போ என்றார்கள். தோட்டக்கலையில், புதிதாகப் பெட்டி வாங்கினால் திட்டத்தில் மானியம் உண்டு, போனதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை என்றார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அந்த நிவாரண விதியை எடுத்து வரிவரியாகப் பார்த்தால் மாடு இருக்கிறது, கழுதை இருக்கிறது, ஒட்டகம் இருக்கிறது, யாக் என்கிற இமயமலை எருமைகூட இருக்கிறது. பட்டுப்புழு இருக்கிறது, மல்பெரிக்கு ஹெக்டேருக்கு 6,000 ரூபாய். மீன் இருக்கிறது, கைத்தறி இருக்கிறது. தேனீப் பெட்டிக்கு ஒரு வரி இல்லை.

இதிலுள்ள வேடிக்கையைப் பாருங்கள். தேனீ வளர்க்கச் சொன்னதே சர்க்கார்தான். தோட்டக்கலைத் திட்டத்தில் பெட்டிக்கு 40 சதவீத மானியம் கொடுத்தார்கள். தேனீ வளர்ப்புக்கும் தேனுக்கும் என்றே தேசிய இயக்கம் ஒன்றை 500 கோடி ரூபாயில் 2020-ல் அறிவித்தார்கள். வாங்கு என்று ஒரு கையால் கொடுத்தவர்கள், வெள்ளம் கொண்டுபோனால் மறு கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். 1991, 92-ல் கன்னியாகுமரி மாவட்டத்திலும் தென்னாட்டின் மற்ற இடங்களிலும் புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய் வந்து தேனீக் கூட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. மார்த்தாண்டம் பக்கத்தில் பெட்டியே பிழைப்பாக இருந்த குடும்பங்கள் காலிப் பெட்டிகளோடு நின்றன. அப்போதே இந்தக் கேள்வி எழுந்திருக்க வேண்டும்.

மற்ற தேசங்களில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் கால்நடை, தேனீ, வளர்ப்பு மீன் மூன்றுக்கும் சேர்த்து அவசர உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது. 2008 விவசாயச் சட்டத்தில் தொடங்கியது. 2014 சட்டத்தில் நிரந்தரமாக்கினார்கள். வழக்கமாகச் சாகும் அளவுக்கு மேல் தேனீக் கூட்டங்கள் அழிந்தால் அதற்கும், பெட்டி போனால் பெட்டிக்கும், தேனீக்குத் தீவனம் போனால் தீவனத்துக்கும் உதவி. செத்த ஈயைக் கொண்டுவா என்று கேட்பதில்லை. பருவ ஆரம்பத்தில் எத்தனை கூட்டம் வைத்திருந்தாய், முடிவில் எத்தனை நின்றது என்பதற்குக் கணக்கும் சான்றும் கேட்கிறார்கள். 2024-ல் அங்கே பறவைக் காய்ச்சல் கறவை மாடுகளுக்கே தொற்றியது. பெரும்பாலான மாடுகள் சாகவில்லை, பால்தான் விழுந்தது. உடனே அந்தத் திட்டத்தை விரித்து, நோய் கண்ட மாட்டுக்கு 21 நாள் பால் முழுவதும் போயிற்று, அடுத்த 7 நாள் பாதி போயிற்று என்று கணக்கு வைத்து, அந்த மதிப்பில் 90 சதவீதம் கொடுத்தார்கள். மாடு உயிரோடு இருக்கிறதே என்று திருப்பி அனுப்பவில்லை.

அமெரிக்கா பணக்கார நாடு, அவர்கள் பண்ணை வேறு, நம் கொட்டகை வேறு என்று சொல்வார்கள். தொகையில் அவர்களைப் போல் செய் என்று நான் கேட்கவில்லை. நஷ்டத்தை எதைக்கொண்டு அளப்பது என்பதில்தான் பாடம் இருக்கிறது.

"பால் குறைந்தது என்று ஊரே வந்து நிற்கும், யார் சரி பார்ப்பது?" என்று எதிர்க்கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஆனால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவரின் பேரில் காலையிலும் மாலையிலும் எத்தனை லிட்டர், என்ன கொழுப்பு என்று தினமும் பதிவாகிறதே! வெள்ளத்துக்கு முந்திய பதினைந்து நாளையும் பிந்திய பதினைந்து நாளையும் வைத்துப் பார்த்தால் நஷ்டம் கண் முன்னால் தெரியும். அதோடு கால்நடை மருத்துவரின் மடிநோய்ச் சான்று சேர்ந்தால் அதைவிட என்ன சாட்சி வேண்டும்? டீக்கடைக்கும் தொழிலாளர் விடுதிக்கும் நேராக ஊற்றுகிறவர்களுக்கு இந்தப் பதிவு இருக்காது என்பது உண்மை. நம் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் அதிகம். அவர்களுக்கு மருத்துவர் சான்று ஒன்றையே வைத்து, மாட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகக் கொடுக்கலாம். ஐயாயிரமோ ஆறாயிரமோ கொடுத்தால்கூடப் போதும். அந்த அம்மாள் மாட்டை அடிமாட்டுக்குத் தள்ளாமல் அடுத்த ஈத்து வரை வைத்துக்கொள்வார்.

டில்லியில் விதி மாறட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். மனித உயிரிழப்புக்கு மத்திய விதி 4 லட்சம் என்றிருக்க, மிக்ஜாமின்போது தமிழக அரசு 5 லட்சம் என்று தானாகக் கூட்டிக் கொடுத்தது. உழவு மாட்டுக்கு விதியில் 32,000 என்றிருக்க, பசுவோடு சேர்த்து 37,500 என்றே அறிவித்தது. விதியில் இல்லாத உள்ளூர்ப் பேரிடர்களுக்காக, நிதியில் பத்தில் ஒரு பங்கு வரை செலவழிக்க மாநிலத்துக்கு அதிகாரமும் இருக்கிறது; 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தார்கள். மனம் வைத்தால் தேனீப் பெட்டிக்கும், மடி போன மாட்டுக்கும் அரசாணையில் ஒரு வரி எழுதிவிடலாம். பெட்டியும் கூட்டமும் சேர்ந்தால் சில ஆயிரம் ரூபாய்தான். இதனால் கஜானா காலியாகிவிடாது.

இதற்கிடையில் இருக்கிற விதியிலேயே கிடைக்க வேண்டியதை நாம் விட்டுவிடுகிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மாட்டின் காதில் பன்னிரண்டு இலக்கத் தோடு போடச் சொன்னால், "காது புண்ணாகும், வேண்டாம்" என்கிறோம். வெள்ளத்தில் மாடு போனபின் எந்த மாடு, யார் மாடு என்று எதைக் காட்டுவது? தோடு விழுந்திருந்தால் மருந்தகத்தில் கேட்டு மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். மாடோ ஆடோ செத்தால், நாற்றம் வருமே என்று அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள். காதுத் தோடு தெரிகிறாப்போல் செல்போனில் ஒரு படம், செத்த இடம் தெரிகிறாப்போல் இன்னொரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் தகவல் சொல்லிச் சான்று வாங்கியபின் புதையுங்கள். உடல் தண்ணீரில் அடித்துப் போய்விட்டால் அதையும் அன்றைக்கே எழுத்தில் கொடுத்து, பக்கத்து வீட்டார் இருவரிடம் கையெழுத்து வாங்கி, மனுவுக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னது எந்த ஆபீசிலும் நிற்காது.

மாட்டு இன்ஷூரன்ஸும் இருக்கிறது. தேசியக் கால்நடை இயக்கத்தில் பிரிமியத்தில் நம் பங்கு 15 சதவீதம் போதும் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. மிச்சத்தை இரண்டு அரசுகளும் ஏற்கின்றன. கன்டெய்னர் லாரி அடித்துச் சாகும் மாட்டுக்குப் பேரிடர் நிவாரணம் வராது, நம் சாலைகளில் அது வாரம் தவறாமல் நடக்கிற காரியம். அதற்கு இன்ஷூரன்ஸ் ஒன்றுதான் வழி. மருந்தகத்தில் விசாரியுங்கள், ஒதுக்கீடு வந்திருக்கிறதா என்று இரண்டு தரமாவது கேளுங்கள்.

தேனீ வைத்திருப்பவர்கள் பெட்டிக்குப் பெட்டி நம்பர் எழுதி, தேசியத் தேனீ வாரியத்தின் 'மதுகிராந்தி' இணையதளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2021-லிருந்து அது நடக்கிறது. ஒரு நோட்டில் மாதம் ஒரு தரம் எத்தனை கூட்டம் உயிரோடு இருக்கிறது என்று தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். இன்றைக்கு அந்த நோட்டுக்கு மதிப்பில்லை. ஆனால் விதியில் வரி வருகிற நாளில், கணக்கில்லாதவன் கையில் காலிப் பெட்டிதான் இருக்கும். ஐப்பசிக்கு முன்னால் தாங்கிக் கால்களை ஆழப் புதைத்து, பெட்டியைக் கயிற்றால் தாங்கியோடு கட்டிவிடுவதும், வீட்டில் இரண்டு கிலோ சர்க்கரை தனியே எடுத்து வைப்பதும் பெரிய செலவில்லை.

அந்தப் பையன் இப்போது மறுபடி ஏழு பெட்டிக்கு வந்திருக்கிறான். தாங்கியை இரண்டடி உயர்த்தியிருக்கிறான். அம்மாள் அந்தப் பசுவைக் கொடுத்துவிட்டார். என்ன விலைக்கு என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 2-ந் தேதி எல்லா ஊராட்சியிலும் கிராம சபை கூடும். மாட்டுக்காரர் பத்துப் பேர், தேனீக்காரர் ஒருவர் இருந்தாலும் போதும், இரண்டு தீர்மானம் எழுதிக் கொடுங்கள்: வெள்ளத்தில் மடி போன கறவைக்கும், அழிந்த தேனீப் பெட்டிக்கும் நிவாரணம் வேண்டும், வெள்ளக் காலத்தில் மாடு ஏற்றிக் கட்ட ஊருக்கு ஒரு மேடு, சிப்காட் மனையாக இருந்தாலும் சரி, மழைக்கு முன்பே காட்டித் தர வேண்டும். தீர்மானத்தின் நகலைக் காஞ்சிபுரத்தில் கலெக்டர் நடத்தும் விவசாயிகள் குறை தீர்க்கும் கூட்டத்திலும் கொடுங்கள். பருவமழை அதற்குப் பிறகு பல நாள் காத்திருக்காது.